வாசல்ல மூணு படி, அப்பா வீல்சேர்ல: ரேம்ப் போட எவ்ளோ எடம் வேணும்?

மலர்_தண்டையார்பேட்டை:

எல்லாருக்கும் வணக்கம். கட்டட வேலை தெரிஞ்சவங்க, வீல்சேர் யூஸ் பண்றவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் முழுசாப் படிச்சுட்டு பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

தண்டையார்பேட்டைல ஒரு பழைய அப்பார்ட்மென்ட்ல கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கோம், சொந்த வீடுதான். எங்க தெரு தாழ்வு, பெரிய மழைன்னா தண்ணி நிக்கும், அதனால கட்டும்போதே பேஸ்மட்டத்தை நல்லா ஏத்திட்டாங்க. கேட்டைத் தொறந்து உள்ள வந்தா எட்டு அடி, அப்புறம் மூணு படி, படி ஏறுனா கொலாப்சிபிள் கேட், அதுக்குள்ள எங்க வீட்டு வாசல். அப்பா ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. சுகர்ல கால் புண்ணு ஆறாம போய் வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. செயற்கைக் கால் போட இன்னும் டைம் ஆகும்னு டாக்டர் சொல்லிருக்காரு, போட்டாலும் வெளில கொஞ்சம் தூரம் போகணும்னா வீல்சேர்தான்.

வீட்டுக்குள்ள அவரே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு கிச்சன் வரைக்கும் வந்து காபி கேக்குறாரு. ஆனா வெளில போகணும்னா என் வீட்டுக்காரரும் மாடி வீட்டுத் தம்பியும் சேந்து சேரோட தூக்கணும். தூக்குறப்ப அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கிறாரு, ரெண்டு கையும் சேர் கைப்பிடியை அப்படியே கவ்விப் புடிச்சுக்குது. ஹார்பர்ல மூட்டை தூக்குனவங்களை வேலை வாங்குன மனுசன், தன்னையே நாலு பேர் பாக்க தூக்கிட்டுப் போறது அவரால தாங்க முடியல. இப்ப ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் கெளம்புறாரு. சாயந்தரமானா காசிமேடு பக்கம் போய் கடலைப் பாத்துட்டு வருவாரு, தெரு முனை டீக்கடைல பேப்பர் படிப்பாரு, எல்லாம் நின்னு போச்சு. கேட்டா எனக்காக யாரும் இடுப்பை ஒடிச்சுக்க வேணாம்ங்குறாரு.

ஒரு மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். படி மேலயே கான்கிரீட் கொட்டி கேட் வரைக்கும் எறக்கிடலாம், எட்டு அடி தாராளம், ரெண்டு நாள் வேலைன்னாரு. எனக்கு என்னமோ அது ரொம்ப செங்குத்தா இருக்குமோன்னு படுது. அசோசியேஷன்ல கேட்டா பைக் நிறுத்துற எடம் போயிடும், ஒரு வீட்டுக்காக எல்லாரும் நடக்குற வழியை எப்படி மாத்துறது, மீட்டிங்ல பேசலாம்னு தள்ளிக்கிட்டே போறாங்க. எட்டு அடி போதுமா, இல்லன்னா வேற எப்படிப் போடலாம், அசோசியேஷன்கிட்ட நான் என்ன சொல்லிக் கேக்கலாம்? இதுக்கு சட்டம் எதாவது இருக்கா?

ராயபுரம்_மேஸ்திரி:

தங்கச்சி, எட்டு அடில மட்டும் போட்டுடாதம்மா. உனக்குப் பட்டது கரெக்ட்.

ரேம்ப்புக்குக் கணக்கு ஒண்ணுக்குப் பன்னெண்டு. ஒரு இன்ச் ஏறணும்னா 12 இன்ச் நீளம் வேணும், அதாவது எத்தினி இன்ச் உயரமோ அத்தினி அடி நீளம், இதை மனசுல வெச்சிக்கினா போதும். படி ஒண்ணு 6லேர்ந்து 7 இன்ச் இருக்கும், மூணு படிக்கு 18லேர்ந்து 21 இன்ச், அப்ப உனுக்கு 18லேர்ந்து 21 அடி நீளம் வேணும். 21 இன்ச்சை எட்டு அடில எறக்குனா ஒண்ணுக்கு நாலரைதான் வருது. ஏத்தும்போது தள்றவங்களுக்கு மூச்சு வாங்கும், எறக்கும்போது சேர் கையை வுட்டுப் போயிடும், மழை ஈரத்துல சொல்லவே வேணாம். இடத்தைப் பாத்து நீளத்தை முடிவு பண்றாங்க பாரு, அதான் தப்பு. உயரத்தைப் பாத்துதான் நீளம். நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு வீட்டு வாசல்ல பைக் ஏத்தறதுக்கு ஒரு சிமென்ட் சரிவு போட்டிருப்பாங்க இல்ல, நெறைய பேருக்கு ரேம்ப்னா அதான் நெனப்புல கீது. பைக்குக்கு இன்ஜின் கீது, சேர்ல உக்காந்திருக்கிறவருக்கு ரெண்டு கைதான்.

மொதல்ல உயரத்தை ஒழுங்கா அள. படிப் படியா அளந்து கூட்டாத. மேல் தரைலேர்ந்து ஒரு நீளக் கட்டையை வெளிய நீட்டி, அது மேல ரசமட்டம் வெச்சு, கட்டை முனைலேர்ந்து கீழ தரைக்கு டேப் புடி. கேட் பக்கம் தண்ணி போறதுக்கு வாட்டம் வுட்டிருப்பாங்க, அதனால படிகிட்ட ஒரு உயரம் வரும், கேட்டாண்ட வேற உயரம் வரும், ரெண்டு மூணு இன்ச் வித்தியாசம் வந்தா நீளத்துல ரெண்டு மூணு அடி மாறிடும்.

அப்புறம் ரேம்ப்பு மேல முடியிற எடத்துல அஞ்சுக்கு அஞ்சு அடி சமதளம் வேணும், கீழயும் வேணும். சரிவுலயே நின்னுகினு ஒருத்தர் கதவைத் தொறக்க முடியாது, சேர் பின்னாடி உருளும். அகலம் உள்ளுக்குள்ள 4 அடி. ரெண்டு பக்கமும் ஓரத்துல மூணு நாலு இன்ச்சுக்குத் திண்டு, இல்லன்னா முன் சக்கரம் நழுவி வெளிய எறங்கிடும். கைப்பிடி ரெண்டு பக்கமும், 3 அடி உயரத்துல ஒண்ணு, 2½ அடில ஒண்ணு, ஒன்றரை இன்ச் பைப்பு, சுவத்துக்கும் பைப்புக்கும் நடுவுல ரெண்டு இன்ச் விடணும், அப்பதான் விரல் சுத்திப் புடிக்க வரும். தரையை நைசா இழுக்க வுடாத, தொடப்பத்தால குறுக்கக் கோடு இழுத்து வுடச் சொல்லு. கிரானைட் டைல்ஸ்னு யாராவது சொன்னா வேணவே வேணாம்.

முன்பக்கம் எட்டு அடிதான்னா அங்க எதுவும் நடக்காது. பில்டிங்குக்கு சைடுல சந்து இருக்குமே, அது எவ்ளோ அகலம்? அந்தப் பக்கம் உங்க வீட்டு ஜன்னலோ கதவோ இருக்கா? அளந்து போடு, பாக்கலாம்.

புதுவண்ணை_சக்கரம்:

மலர் அக்கா, நான் முதுகுத்தண்டு அடிபட்டதுலேர்ந்து வீல்சேர்தான். அப்பா கண்ணை மூடிக்கிறாருன்னு எழுதிருந்தீங்க, அது எனக்குத் தெரியும். தூக்குறவங்க மேல எவ்ளோ நம்பிக்கை இருந்தாலும் ஒருத்தர் ஒரு படி முன்னாடி வெச்சு இன்னொருத்தர் லேட்டா வெச்சா சேர் ஒரு பக்கமா சாயும், அந்த ஒரு செகண்ட் வயித்தைக் கலக்கும். அவரு வெளில வராததுக்குக் காரணம் வீம்பு கிடையாது, தயவு செஞ்சு வீட்ல யாரும் அப்படி நெனைக்க வேணாம்.

மேஸ்திரி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் சொல்றது என்னன்னா ரேம்ப்பை மட்டும் தனியாப் பாக்காதீங்க, அப்பா கட்டில்லேர்ந்து ரோட்ல ஆட்டோ நிக்கிற எடம் வரைக்கும் மொத்தப் பாதையையும் பாருங்க. ஒரு நாள் நீங்களே அந்த சேர்ல உக்காந்து காலைக் கீழ வைக்காம போய்ப் பாருங்க, எங்கெங்க முட்டுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். கொலாப்சிபிள் கேட்னு சொன்னீங்க, அதுக்குக் கீழ தரைல ஒரு இரும்பு சேனல் ஓடும் பாருங்க, பாக்க சின்னதாத்தான் இருக்கும், ஆனா முன்னாடி இருக்குற குட்டி சக்கரம் அதுல டக்குனு நின்னுடும், உக்காந்திருக்கிறவரு முன்னாடி போய் விழுவாரு. அரை இன்ச்சுக்கு மேல எந்த மேடும் இருக்கக்கூடாது, நிலைக்குக் கீழ இருக்குற கல்லும் சேத்துதான். கேட்டை முழுசா ஒதுக்கினாலும் அந்த மடிப்பு ஒரு அடியை அடைச்சுக்கும், மீதி எவ்ளோ கெடைக்குதுன்னு அளங்க. சாதா சேரே 25, 26 இன்ச் அகலம், வெளில கை முட்டி இருக்கு, அதனால கதவு தொறந்தப்புறம் 3 அடி சுத்தமாக் கெடைக்கணும்.

அடுத்தது தெருக் கேட்டுக்கு வெளில. மழைநீர்க் கால்வா மேல ஸ்லாப் போட்டிருப்பாங்க, ஸ்லாப்புக்கும் ஸ்லாப்புக்கும் நடுவுல இடுக்கு இருக்கும், இல்லன்னா கம்பி ஜல்லடை இருக்கும். கம்பி நாம போற திசையிலயே நீளமா இருந்தா சக்கரம் உள்ள எறங்கிடும், குறுக்கால இருக்கணும், இடைவெளி அரை இன்ச்சுக்குள்ள இருக்கணும். ரேம்ப் அருமையாப் போட்டுட்டு கடைசி ரெண்டு அடில மாட்டிக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

நான் மெட்ரோல போறவன். 2021ல வண்ணாரப்பேட்டைலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் லைன் வந்தப்புறம் லிஃப்ட்ல எறங்கி, பிளாட்ஃபாரத்துலேர்ந்து நேரா டிரெயினுக்குள்ள உருட்டிட்டுப் போய், யாரையும் கூப்டாம சென்ட்ரல் போயிட்டு வரேன். அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் போறதுதான் இன்னும் கஷ்டம். நடைபாதை ஏறுற எடத்துல பைக் வரக்கூடாதுன்னு இரும்புக் குழாய் நட்டிருக்காங்க, ரெண்டு குழாய்க்கு நடுவுல என் சேர் போகாது, ஆனா ஸ்கூட்டி போகுது. குறைஞ்சது 4 அடி இடைவெளி விடணும்னு வழிகாட்டுதல்ல இருக்கு. அதனால நடைபாதை இருந்தும் நான் ரோட்ல லாரிங்களுக்குப் பக்கத்துலதான் போறேன்.

அப்பாவுக்குக் கடல் புடிக்கும்னா ஒண்ணு சொல்றேன். மெரினால தண்ணி கிட்ட வரைக்கும் வீல்சேர் போற மாதிரி மரப்பாதை 2022 நவம்பர்ல தொறந்தாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாகி அப்புறம் சரி பண்ணாங்க. ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. அலை சத்தம் கேக்குற தூரத்துல அவரே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டுப் போவாரு.

பெரம்பூர்_செகரட்டரி:

நான் ஒரு அசோசியேஷன்ல செகரட்டரியா இருக்கேன், அந்தப் பக்கத்தையும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு வர்ற பயம் ரெண்டு. கேட்லேர்ந்து உள்பக்கம் தரையை ஏத்துனா மழைத்தண்ணி போற வழி மாறி படிக்கட்டுக்கு அடியில, மீட்டர் பெட்டிகிட்ட, சம்ப்புகிட்ட நிக்கும். சம்ப்புல தெருத்தண்ணி கலந்தா மொத்த பில்டிங்குக்கும் பிரச்சனை, நம்ம ஏரியால இது வெளாட்டு விஷயம் இல்ல. இன்னொண்ணு, ஒருத்தருக்குப் பொது எடத்துல கட்ட விட்டா நாளைக்கு இன்னொருத்தர் ஷெட் போடுவாரு, எதை வெச்சு வேணாம்னு சொல்றது?

இந்த ரெண்டுக்கும் பதில் எழுதி எடுத்துட்டு மீட்டிங்குக்குப் போங்க மேடம். தண்ணி எப்படி வடியும், பைக் எங்க நிக்கும், செலவு யாரோடது, பின்னாடி கழட்ட முடியுமான்னு ஒரு பேப்பர்ல வரைபடத்தோட குடுத்தா பாதி பேர் மறுக்க மாட்டாங்க. வாயால கேட்டா எல்லாருக்கும் பைக் ஞாபகம்தான் வரும்.

மூலக்கடை_அம்மா:

ஒரு வீட்டுக்காகன்னு சொல்றாங்களே, அதுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது. எங்க பில்டிங்ல ரேம்ப் போட்டது ஒரு பாட்டிக்காக. இப்ப கேஸ் சிலிண்டர் போடுற தம்பி அதுலதான் உருட்டிட்டு வராரு, தண்ணி கேன் அதுலதான் வருது, என் மருமக சிசேரியன் ஆகி வந்தப்ப படி ஏறாம அதுலதான் நடந்து வந்தா. உங்க பில்டிங்ல முட்டி வலி இல்லாத வீடு எத்தனைன்னு மீட்டிங்ல கேளும்மா. வயசாகாத ஆள் யாரு இருக்கா அங்க.

கொருக்குப்பேட்டை_ஜூனியர்:

சட்டம் பத்திக் கேட்டிருந்தீங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல். இதுல பொதுக் கட்டடம்னு சொன்னா அரசாங்கக் கட்டடம் மட்டும் கிடையாது, தனியார் கட்டடமா இருந்தாலும் பொது மக்கள் வந்து போற எடம்னா சேரும். ஸ்கூல், கடை, ஆஸ்பத்திரி, வழிபாட்டு எடம், வேலை பாக்குற எடம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் அந்த விளக்கத்துலயே வருது. பிரிவு 44 படி அணுகல் விதிமுறைக்கு ஒத்து வராத பிளானுக்குக் கட்டவே அனுமதி தரக்கூடாது, கட்டி முடிச்சப்புறம் நிறைவுச் சான்றும் தரக்கூடாது. பிரிவு 45 ஏற்கனவே இருக்குற பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த நாள்லேர்ந்து 5 வருஷத்துக்குள்ள மாத்தணும்னு சொல்லுது. விதிகள் வந்தது 2017, கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு. சட்டத்தை மீறுனா பிரிவு 89ல மொத தடவைக்கு 10,000 ரூபா வரைக்கும், திரும்ப மீறுனா 50,000லேர்ந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம்.

இவ்ளோ இருந்தும் ஏன் நடக்கலன்னா, அளவு எல்லாம் வழிகாட்டுதல்லதான் இருந்துச்சு, செஞ்சா நல்லதுங்குற மாதிரி. ராஜீவ் ரதூரி வழக்குல 2024 நவம்பர் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இதைத்தான் புடிச்சுது. சட்டம் கட்டாயம்னு சொல்றப்ப விதி மட்டும் பரிந்துரையா இருக்க முடியாதுன்னு விதி 15(1)ஐ செல்லாதுன்னு சொல்லி, விட்டுக்குடுக்கவே முடியாத குறைந்தபட்ச அளவுகளைக் கட்டாய விதியா மூணு மாசத்துல கொண்டு வரணும்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. கண் பார்வை இல்லாத ஒருத்தர் 2005ல போட்ட வழக்கு அது. எனக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது கோவமும் வந்துச்சு, நம்பிக்கையும் வந்துச்சு.

ஆனா உங்களுக்கு நேர்மையா ஒண்ணு சொல்லணும் மேடம். குடியிருக்கிற அப்பார்ட்மென்ட் இந்தப் பொதுக் கட்டடம் விளக்கத்துல நேரா வராது. அதனால பிரிவு 45ஐக் காட்டி அசோசியேஷனைப் பயமுறுத்தப் போனா அவங்க வக்கீல் ஒரு நிமிஷத்துல பதில் சொல்லிடுவாரு, அப்புறம் பேச்சு முறிஞ்சு போயிடும். எழுத்துல மனு குடுங்க, கூட யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) காப்பி, டாக்டர் லெட்டர், வரைபடம், செலவு எங்களோடதுன்னு ஒரு வரி. தேதி போட்டு வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து வாங்கிக்கங்க. யூடிஐடி கார்டு இன்னும் எடுக்கலன்னா ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், கால் எடுத்தவங்களுக்குக் கண்டிப்பாக் கெடைக்கும்.

சட்டத்தோட முழு பலமும் உங்களுக்கு வெளி எடத்துலதான். அப்பா பென்ஷன் வாங்குற பேங்க், ரேஷன் கடை, கிளினிக், எங்கெல்லாம் படி மட்டும் இருக்கோ அங்கெல்லாம் மொதல்ல மேனேஜருக்கு எழுதிக் குடுங்க, பதில் இல்லன்னா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம், ஆஃபீஸ் காமராஜர் சாலைல லேடி வெலிங்டன் காலேஜ் வளாகத்துல இருக்கு. புகாரை விசாரிக்க ஆளைக் கூப்பிடுறது, ஆவணம் கேக்குறதுக்கெல்லாம் அவருக்கு சிவில் கோர்ட் மாதிரி அதிகாரம் உண்டு. தம்பி சொன்ன நடைபாதைக் குழாய், ஒடஞ்ச ஸ்லாப் இதுக்கெல்லாம் மாநகராட்சி புகார் நம்பர் 1913, புகாரை போட்டோவோட போட்டா நல்லது. நடக்குறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும்னு சென்னை மாநகராட்சி 2014லயே தனிக் கொள்கை போட்டிருக்கு, மனுல அதையும் ஒரு வரி எழுதுங்க.

வெள்ளைக்கோல்_வியாசர்பாடி:

எனக்குப் பார்வை கிடையாது, ஸ்கிரீன் ரீடர்ல கேட்டுட்டு எழுதுறேன். இங்க எல்லாரும் சக்கரத்தைப் பத்திப் பேசுறீங்க, நல்லது, ஆனா அந்தக்கா அப்பாவுக்கு சுகர்னு சொல்லிருக்காங்க. சுகர் கண்ணையும் புடிக்கும். இப்ப நல்லாத் தெரிஞ்சாலும் நாளைக்கு மங்கலாம், அதனால இப்பவே சேத்துப் பண்ணிடுங்க. இருக்கிற படி ஒவ்வொண்ணோட முனைலயும் ரெண்டு இன்ச் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடிங்க. சிமென்ட் கலர்ல படி, சிமென்ட் கலர்ல தரைன்னா மங்கலாப் பாக்குறவங்களுக்கு எல்லாம் ஒரே பரப்புதான், படி இருக்கிறதே தெரியாது. ரேம்ப் ஆரம்பிக்கிற எடத்துலயும் முடியிற எடத்துலயும் ஒரு அடிக்கு புள்ளி டைல்ஸ் பதிங்க. ரேம்ப்புக்கு மேல நல்ல லைட்டு வேணும், மாடிப்படி லைட்டோட வெளிச்சம் சந்து வரைக்கும் வராது.

மஞ்சள் டைல்ஸ்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: நீளக் கோடு இருந்தா அந்த வழியாப் போ, புள்ளி இருந்தா நில்லு, முன்னாடி என்னமோ இருக்கு. 1967ல ஜப்பான்ல ஒகயாமாங்குற ஊர்ல பார்வையில்லாதவங்க படிக்கிற ஸ்கூல் பக்கத்து ரோட்ல மொத மொதல்ல பதிச்சாங்க, இன்னிக்கு நம்ம மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் வந்துடுச்சு. ஸ்டேஷனுக்குள்ள நான் தடுமாறுனதே இல்ல. தெரு நடைபாதைலதான் சங்கடம். கோடு டைல்ஸை நம்பி காலை வெச்சுக்கிட்டே போறேன், நேரா ஈபி பெட்டில கொண்டு போய் விடுது. போட்டவங்களுக்கு அது தரைக்கு அழகுன்னு நெனப்பு, எனக்கு அதுதான் ரோடு. இன்னொண்ணு தலை உயரத்துல இருக்கிற சாமான். கோல் தரையைத்தான் தடவும். கடை போர்டு, ஜன்னல் ஏசியோட வெளி யூனிட், சாஞ்ச மரக்கிளை இதெல்லாம் நேரா நெத்திலதான் தெரியும். நடக்குற பாதைக்கு மேல 7 அடி வரைக்கும் எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. உங்க சைடு சந்துல ஏசி யூனிட் மாட்டிருக்கான்னு பாருங்கக்கா, ரேம்ப்புல ஏறுனா தரையும் ஒசந்துடும், அப்ப தலை இன்னும் மேல போயிடும்.

மலர்_தண்டையார்பேட்டை:

இவ்ளோ பேர் இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கல, ரொம்ப நன்றி. அப்பாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். சக்கரம் தம்பி எழுதுனதை ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னாரு.

அளந்துட்டேன். கட்டை, ரசமட்டம் வெச்சுத்தான் அளந்தோம், உயரம் 21 இன்ச். சைடு சந்து 5 அடி 3 இன்ச் அகலம், பில்டிங் நீளம் முழுக்கப் போகுது, பின்னாடி மோட்டார் ரூம் இருக்கு. அப்பா ரூம் ஜன்னல் அந்தச் சந்தைப் பாத்துதான் இருக்கு, பில்டிங்கோட முன் மூலைலேர்ந்து 22 அடில ஆரம்பிக்குது, ஜன்னல் அகலம் 4 அடி. ஆனா சந்துல சம்ப் மூடி ஒண்ணு இருக்கு, முன்னாடிலேர்ந்து 6 அடில. அப்புறம் ரெண்டு டிரெயினேஜ் சேம்பர். இதுக்கு மேல கான்கிரீட் போட்டா எப்படித் தொறக்குறது? ஏசி யூனிட் ஒண்ணு மாடி வீட்டோடது இருக்கு, ரொம்ப மேலதான், தலைல இடிக்காது.

ராயபுரம்_மேஸ்திரி:

ஜன்னல் 22 அடிலன்னு சொன்னியே, அது போதும்மா, வேலை முடிஞ்ச மாதிரிதான். 21 அடிக்கு ரேம்ப்பு ஏறி, அங்க 5 அடி தட்டு, அந்தத் தட்டுக்கு நேரா ஜன்னல் வருது. ஜன்னலைக் கதவாக்கிடு. ஜன்னலுக்குக் கீழ இருக்குற செங்கல் சுவரை மட்டும் எடுத்தா போதும், அகலத்தை ஒரு இன்ச்சு கூட பெருசாக்காத, ஜன்னலுக்கு மேல சுவத்தைத் தாங்குற கான்கிரீட் கட்டை, லிண்டல்னு சொல்வோமே, அது அப்படியே நிக்கட்டும். பக்கத்துல பில்லர் இருந்தா கை வைக்கவே கூடாது. பழைய பில்டிங்னு சொன்னதால ஒரு இன்ஜினியரைக் கூப்ட்டு ஒருவாட்டி காட்டிட்டு அப்புறம் ஒடை, இது நான் கண்டிப்பா சொல்றேன். 4 அடி ஜன்னல்ல நிலை போக 3½ அடி கதவு வரும், தாராளம். அப்பா ரூம்லேர்ந்து நேரா வெளிய, கொலாப்சிபிள் கேட் பக்கமே போக வேணாம். முன்பக்கம் பைக் எடமும் அப்படியே இருக்கும், அதை மீட்டிங்ல மொதல்ல சொல்லு.

சம்ப்பு, சேம்பர் இருக்குறதால கான்கிரீட் வேணாம். இரும்பு ஃப்ரேம் பண்ணி மேல செக்கர்ட் பிளேட்டு, அதான் மேடு மேடா கோடு வெச்ச இரும்புத் தகடு, போடு, நாலு நாலு அடி துண்டா, போல்ட்டு போட்டு மாட்ற மாதிரி. சம்ப்பு கிளீன் பண்ணணும்னா ரெண்டு பேரு ஒரு துண்டைக் கழட்டித் தூக்கிடலாம். கீழ காலியா இருக்குறதால தண்ணியும் பழைய வழியிலயே போவும், செகரட்டரி சார் கேட்டதுக்கு இதான் பதில். சந்துல நெரந்தரமா கட்டுனா பிளான் பிரச்சனை வரும், கழட்டி மாட்டுறதுன்னா பேசறதுக்கு சுளுவு. தட்டு சந்தை அடைச்சிடும், அதனால தட்டுக்கு அந்தாண்ட மூணு படி எறக்கி வுடு, மத்தவங்க ரேம்ப்புல ஏறி அந்தப் பக்கம் எறங்கி மோட்டார் ரூமுக்குப் போயிடுவாங்க. அந்தப் படி முனைல ஒரு சின்ன கேட்டு போட்டு வை, சேர் உருண்டு அந்தாண்ட போயிடக்கூடாது.

ஒண்ணே ஒண்ணு, நம்ம ஊரு உப்புக்காத்து. சாதா இரும்புக்கு பெயிண்ட் அடிச்சா ரெண்டு மழைக்காலம் தாண்டாது, அடிப்பக்கம் பொரிஞ்சு வந்துடும், மேல பாக்க நல்லாத்தான் இருக்கும். எல்லாத்தையும் வெல்டிங் அடிச்சு முடிச்சுட்டு அப்புறம் ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு அனுப்பு, உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்து பூச்சு குடுப்பாங்க. திரும்ப வந்ததுக்கப்புறம் சைட்ல வெல்டிங் அடிக்க வுடாத, அடிச்ச எடத்துல பூச்சு போயிடும், அதனாலதான் போல்ட்டு சொல்றேன். ஓட்டை எல்லாம் முன்னாடியே போட்டு அனுப்பணும். செக்கர்ட் பிளேட்டு ஈரத்துல வழுக்கும், மேல சொரசொரன்னு ஆன்ட்டி ஸ்கிட் பெயிண்ட்டு அடிச்சுடு.

புதுவண்ணை_சக்கரம்:

அக்கா, ஃபேப்ரிகேஷன் ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி அப்பா ஒரு தடவை அதே சரிவுல ஏறிப் பாக்கட்டும். நம்ம பக்கம் மெட்ரோ ஸ்டேஷன் எதுலயாவது வாசல் ரேம்ப் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க. அவரே தள்ளிக்கிறாருன்னா 1:12 ஓகே. பாதில கை ஓய்ஞ்சா 1:15க்குப் போங்க, அப்ப நீளம் 26 அடிக்கு மேல வரும். ஜன்னல் 22ல இருக்குறதால ரேம்ப்பை முன் மூலைக்கு வெளில ஒரு அஞ்சு அடி கூட்டி ஆரம்பிக்கணும், தெருக் கேட்டுக்கு முன்னாடி இருக்குற எட்டு அடில ஒரு ஓரத்தை மட்டும் அது எடுக்கும், ஆனா மீதி மூணு அடில திரும்பி ஏற முடியுமான்னு அங்க சேரை வெச்சு நேராப் பாத்துக்கங்க. எறங்கும்போது பின்னாடி யாராவது புடிக்கிறாங்கன்னா அவங்க முதுகு கீழ்ப்பக்கம் இருக்குற மாதிரி பின்னாலயே எறங்கணும், வீட்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடுங்க.

மலர்_தண்டையார்பேட்டை:

ஞாயித்துக்கிழமை மீட்டிங். வரைபடம் என் பையன் போட்டுட்டான், தண்ணி, பைக், செலவு, கழட்டுற விஷயம் எல்லாம் ஒரே பேப்பர்ல எழுதிட்டேன். மாடி வீட்டுத் தம்பி மொத ஆளாக் கையெழுத்துப் போட்டுட்டாரு. மேஸ்திரி அண்ணே, அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு: வலது காலுக்கு செயற்கைக் கால் போட்டு நடந்து பழகும்போது அதே கைப்பிடியப் புடிச்சு நடக்கலாமா, அந்த பைப் அவரு மொத்த வெயிட்டையும் தாங்குமா?

ராயபுரம்_மேஸ்திரி:

தாங்கும்மா. பைப்பை பிளேட்டுல வைக்காம ஃப்ரேமுலயே ஊணச் சொல்லு, நாலு அடிக்கு ஒரு போஸ்ட்டு, ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் அடில ரெண்டு போல்ட்டு. ரேம்ப்பு முடிஞ்சதும் டக்குனு நிறுத்தாம மேலயும் கீழயும் ஒரு அடி பைப்பு நீண்டு போவட்டும், முனையை மடிச்சு வுடணும், இல்லன்னா சட்டை மாட்டிக்கும். ஆளு ஏறுறதுக்கு முன்னாடி நானே வந்து ஆட்டிப் பாக்குறேன், ராயபுரத்துலேர்ந்து பத்து நிமிஷம்தான்.